கையெழுத்து வாங்குதல்

1

அம்மா மண்டபம் படித்துறையில் நாங்கள் ஐந்தாறு பேர் சந்திப்பது வழக்கம். கூட்டம் என்று சொன்னால் அது அதிகம். ஏதாவது பத்திரிகை வந்திருந்தால் அதைப் பற்றிப் பேசுவோம். வராவிட்டால் வராததைப் பற்றி. சென்ற மாதம் ஒரு கவிதையின் கடைசி வரி தேவைதானா என்று ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டோம். இருட்டிய பிறகு பேச்சு எப்படியோ போலீஸ் விசாரணைக்குத் திரும்பிற்று. எங்களில் மூத்தவரும் நல்ல கவிஞருமான நண்பர் சொன்னார்: “குண்டு வைத்தவன் கையில் சிக்கிவிட்டான். இன்னொரு குண்டு எங்கோ இருக்கிறது. அவனை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தா கேட்பார்கள்? அடித்துத்தான் கேட்க வேண்டும். நானாக இருந்தாலும் அடிப்பேன்.”

கவிதை வரி ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தவர்கள் இந்த வாக்கியங்களை ஒரு நிமிஷத்தில் தாண்டிவிட்டோம். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. அந்த மௌனத்துக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

நண்பரைக் கொடுமைக்காரர் என்று ஒதுக்கிவிட்டு எழுதுவது சுலபம். ஆனால் அவர் அப்படிப்பட்டவர் அல்ல. 1998 பிப்ரவரி 14 அன்று கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தபோது அவர் அங்கே மாணவர். ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர். அன்று பார்த்ததை இதுவரை ஒரு கவிதையிலும் அவர் எழுதவில்லை. அவருடைய கோபத்துக்குக் கீழே உடல்கள் இருக்கின்றன. என் கருத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

நண்பரின் வாதத்தை முதலில் ஒரு சிறுகதையாகப் படித்துப் பார்க்கலாம். ஏனென்றால் அது ஒரு சிறுகதை. இன்றைய வடிவில் அதற்குப் பிறப்பிடமாகப் பலரும் காட்டுவதே ஒரு நாவல்தான் — அல்ஜீரிய யுத்தத்தின்போது, 1960இல், ழான் லார்தெகி எழுதிய பிரெஞ்சு நாவல். பிறகு அது நாவலிலிருந்து இறங்கி, தத்துவ வகுப்பறைகளுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் அரசாங்கக் குறிப்புகளுக்கும் போயிற்று.

கதை என்ற முறையில் அது மோசமான கதை. எல்லாம் அறிந்த கதைசொல்லி அதில் ஆட்சி செய்கிறான். பிடிபட்டவன்தான் குற்றவாளி என்று அவனுக்குத் தெரியும். குண்டு இருக்கிறது என்று தெரியும். அது இருக்குமிடம் இவனுக்குத் தெரியும் என்றும் தெரியும். வலித்தால் சொல்வான், சொல்வது உண்மையாக இருக்கும், வேறு வழி இல்லை — இவையும் தெரியும். ஆறு நிச்சயங்கள். நிஜத்தில் லாக்கப்பின் முன் நிற்கும் அதிகாரிக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. அவரிடம் இருப்பது ஒரு சந்தேகம், மேலிடத்து நிர்ப்பந்தம், தூக்கமில்லாத கண்கள். கதை நம்மை அவர் நாற்காலியில் உட்கார்த்தி, அவருக்கு இல்லாத ஞானத்தை நமக்குக் கொடுத்துவிட்டு, “நீ என்ன செய்வாய்?” என்று கேட்கிறது.

தமிழில் இந்த மோசடி இன்னும் சுருக்கமாக நடக்கிறது. “குண்டு வைத்தவன்” என்றார் நண்பர். வினையாலணையும் பெயர். புலன்விசாரணை, சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு எல்லாவற்றையும் ஒரே சொல் விழுங்கிவிடுகிறது. “குண்டு வைத்ததாகச் சந்தேகிக்கப்படுகிறவனை அடித்துத்தான் கேட்க வேண்டும்” என்று அவர் சொல்லியிருந்தால் வாக்கியம் அவர் நாக்கிலேயே தடுமாறியிருக்கும். கவிஞர் அவர், அந்தத் தடுமாற்றத்தைக் கேட்டிருப்பார்.

அடித்தால் வாய் திறப்பான் என்பதை நான் மறுக்கவில்லை. திறந்த வாயிலிருந்து என்ன வருகிறது என்பதுதான் கேள்வி. 1943இல் பெல்ஜியத்தில் நாஜிகளிடம் சிக்கிச் சித்திரவதைப்பட்ட ழான் அமெரி, தோழர்களின் உண்மைப் பெயர்கள் தனக்குத் தெரியாததால் அவற்றைச் சொல்ல முடியவில்லை என்றும், தான் செய்யாத, கற்பனையான குற்றங்களைத் தன்மேல் சுமத்திக்கொண்டதாகவும் பிற்காலத்தில் எழுதினார். இப்னு அல்-ஷேக் அல்-லீபி என்பவரை அமெரிக்கா எகிப்திடம் ஒப்படைத்தது. ஈராக்குக்கும் அல்-காயிதாவுக்கும் தொடர்பு உண்டு என்று அங்கே அவர் சொன்னார். அந்தச் செய்தி 2003 பிப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபையில் காலின் பவலின் உரையில் ஏறிற்று. அடுத்த மாதம் யுத்தம். அல்-லீபி பின்னால், வதை தாங்காமல் இட்டுக்கட்டியதாகச் சொன்னார். ஒரு குண்டைத் தடுப்பதற்காகச் சொல்லப்பட்ட கதை எத்தனை ஆயிரம் குண்டுகளுக்கு முன்னுரையாயிற்று என்பதை நண்பர் யோசிக்க வேண்டும்.

3

இது அயல்நாட்டுப் பிரச்னை அல்ல. ஒருவிதத்தில் நம் மாகாணம் இதில் முன்னோடி. சென்னை ராஜதானியில் நடக்கும் சித்திரவதைகளைப் பற்றி விசாரிக்க அமைக்கப்பட்ட கமிஷன் 1855இல் அறிக்கை கொடுத்தது. அதில் கிட்டி இருக்கிறது. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் கையையோ விரல்களையோ வைத்து இறுக்குவது. கிட்டிப்புள் ஆடி வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லின் இந்த அர்த்தம் வெகுநாள் தெரியாது. குனிய வைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவதும், மிளகாய்ப் பொடியும் இருக்கின்றன. இவையெல்லாம் ராஜத்துரோகிகளுக்கு மட்டும் அல்ல. பெரும்பாலும் நிலவரி பாக்கி வைத்த குடியானவர்களுக்கு. வரி வசூலித்தவரும் போலீஸ் வேலை பார்த்தவரும் ஒரே ஆசாமி. வரிக்குப் பழகிய கை குற்றத்துக்கும், குற்றத்துக்குப் பழகிய கை வரிக்கும் சுலபமாக நீண்டது.

அதற்குப் பிறகு வந்த 1861ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டமும், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றன. வெள்ளைக்காரன் நம்மேல் வைத்த கருணை என்று இதை நான் நினைக்கவில்லை. தன் போலீஸைத் தானே நம்பாத ஒரு அரசின் எச்சரிக்கை அது. சாட்சியச் சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் ஸ்டீபன் பின்னாளில் ஓர் அதிகாரி சொன்னதாக ஒன்றைக் குறித்து வைத்தார்: வெயிலில் தடயம் தேடி அலைவதைக் காட்டிலும் நிழலில் உட்கார்ந்து ஒருவன் கண்ணில் மிளகாய் தேய்ப்பது சௌகரியம் என்பது அதன் சாரம். வதையை நாம் வெறியோடு சேர்த்தே பார்க்கிறோம். அதில் பாதிக்கு மேல் சோம்பேறித்தனம் என்று அந்த அதிகாரிக்குத் தெரிந்திருந்தது.

அந்த எச்சரிக்கையைச் சுதந்திர இந்தியா பயங்கரவாதத்தின் பெயரால் கைவிட்டது. 1987ஆம் வருஷத்துத் தடா சட்டத்தின் 15ஆம் பிரிவு, போலீஸ் சூப்பிரண்டு அந்தஸ்துள்ள அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும் என்றது. 1994இல், கர்த்தார் சிங் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை அந்தப் பிரிவை ஏற்றது. கே. ராமஸ்வாமி, ஆர்.எம். சஹாய் என்ற இரண்டு நீதிபதிகள் ஏற்கவில்லை. 1995இல் தடா காலாவதியாயிற்று. 2002இல் பொடா வந்து அதே ஷரத்தை மறுபடி கொண்டுவந்து 2004இல் போயிற்று. சித்திரவதைக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா அதை இன்னும் உறுதி செய்யவில்லை. கையெழுத்து போடுவதற்கும் அதை ஒப்புக்கொள்வதற்கும் வித்தியாசம் உண்டு என்பது அரசுக்குத் தெரியும், தன் விஷயத்தில்.

தமிழ்நாட்டில் தடாவின் முழு அர்த்தமும் வெளிப்பட்ட இடம் ராஜீவ் காந்தி கொலை வழக்கு. 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது எவ்வளவு பயங்கரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1998 ஜனவரியில் தனி நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்கு என்றது. 1999 மே 11இல் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள். அதே தீர்ப்பு, தடா சட்டத்தின் கீழான பயங்கரவாதக் குற்றம் இந்த வழக்கில் நிரூபணமாகவில்லை என்றது. ஆனால் தடா சட்டத்தின் கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் செல்லும் என்றது. வீட்டை இடித்துவிட்டு அதன் சாவியை மட்டும் வைத்துக்கொண்டது போல. குற்றம் சாட்டப்பட்டவர்கள் தங்களைத் துன்புறுத்தியதாகச் சொன்னார்கள். நீதிமன்றங்கள் வாக்குமூலங்களைச் சுயேச்சையானவை என்று ஏற்றுக்கொண்டன. விசாரணைக் குழு இயங்கிய கட்டடத்தின் பெயர் மல்லிகை.

பேரறிவாளன் கைதானபோது அவருக்கு வயது 19. இரண்டு 9 வோல்ட் பாட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது வழக்கு. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. சூப்பிரண்டு வி. தியாகராஜன், ஓய்வு பெற்ற பிறகு, 2013இல் ஒரு விஷயத்தைச் சொன்னார். பாட்டரிகள் எதற்காக என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதாகவும், அதைத் தாம் எழுதாமல் விட்டதாகவும். 2014இல் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18இல் பேரறிவாளன் விடுதலையானார். கைதாகி 31 வருஷங்கள் கழித்து.

“இதில் அடி எங்கே?” என்று நண்பர் கேட்கலாம். நானும் அதைத்தான் சுட்டிக்காட்டுகிறேன். அந்த அதிகாரி சொன்னதில் அடி இல்லை. விடுபட்ட ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. வாக்குமூலம் என்பது ஒரு விசித்திரமான இலக்கிய வகை. அது “நான்” என்று தொடங்கும். அந்த நான் எழுதியதல்ல. எழுதியவர் வேறு, கையெழுத்து போடுபவர் வேறு. எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எந்த வாக்கியத்துக்குப் பின் எது என்பதெல்லாம் எழுதுபவர் கையில். ஒரு கடைசி வரி இருந்தால் கவிதை என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று விவாதித்த நாம், ஒரு வரி இல்லாததால் ஒரு மனிதன் தூக்கு மேடை வரை போனதைப் புரிந்துகொள்ளத் தகுதியற்றவர்கள் அல்ல. அடி என்பது, ஒருவர் எழுதி மற்றவர் கையெழுத்திடும் அந்த அறையை உண்டாக்குவதற்கான பல வழிகளில் ஒன்று. மற்ற வழிகள் சத்தம் போடுவதில்லை.

மீதி ஆறு பேர் 2022 நவம்பர் 11இல் விடுதலையானார்கள். அவர்களில் இலங்கையர் நால்வரைக் கொண்டுவந்து வைத்த இடம் நம் திருச்சி. மத்திய சிறை வளாகத்துச் சிறப்பு முகாம். சாந்தன் 2024 பிப்ரவரி 28இல் சென்னை மருத்துவமனையில் இறந்தார், ஊர் திரும்பாமலே. மற்ற மூவர் 2024 ஏப்ரலில் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த ஒன்றரை வருஷத்தில் நான் எத்தனை முறை புதுக்கோட்டை ரோட்டில் பஸ்ஸில் போயிருப்பேன். “விடுதலை” என்ற சொல்லுக்கு இப்படியும் ஓர் அர்த்தம் அந்த மதிலுக்குள் இருக்கிறது என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

4

ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு கையெழுத்தைப் பற்றி எழுதும்போது கூரத்தாழ்வான் ஞாபகம் வராமல் இருக்காது. சோழ மன்னன் வைஷ்ணவர்களைக் கூட்டி, சிவனுக்கு மேல் தெய்வமில்லை என்று ஓலையில் எழுதிக் கையெழுத்துக் கேட்டான் என்பது குருபரம்பரைக் கதை. எந்தச் சோழன் என்பதில் சரித்திரக்காரர்களுக்குள் ஒற்றுமை இல்லை. அது இங்கே முக்கியமும் இல்லை. ராமாநுஜரின் காவியை உடுத்திக்கொண்டு அவருக்குப் பதிலாகச் சபைக்குப் போன கூரத்தாழ்வான், ‘சிவம்’ என்பது குருணி, ‘த்ரோணம்’ என்பது பதக்கு, குருணிக்கு மேல் பதக்கு இல்லையா என்று அளவுப் பெயர்களை வைத்துச் சிலேடையாக எழுதிக் கொடுத்தார். கண்கள் போயின. உடன் போன பெரியநம்பியின் கண்களைப் பிடுங்கினார்கள். அவர் திரும்பும் வழியிலேயே இறந்தார்.

சம்பிரதாயம் இதைப் பக்தியின் கதையாகச் சொல்கிறது. எனக்கு அது விசாரணையின் கதையாகவும் படுகிறது. மன்னன் எதையும் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. ஓலையில் என்ன இருக்க வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிட்டது. அதன் கீழ் ஒரு கை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நண்பரின் கதையில் அதிகாரி விடை தெரியாமல் தவிக்கிறார். லாக்கப்பில் பெரும்பாலும் விடை முன்பே எழுதியாயிற்று.

கதையில் என்னைத் தொந்தரவு செய்பவன் மன்னன் அல்ல, நாலூரான். அவன் கூரத்தாழ்வானின் சிஷ்யன், மன்னனின் மந்திரி. சின்ன ஆட்கள் கையெழுத்து போட்டு என்ன பிரயோஜனம், கூரத்தாழ்வானும் ராமாநுஜரும் போட வேண்டும் என்று சொன்னவன் அவன். அவன் யாரையும் தொடவில்லை. இரண்டு பெயர்களைச் சொன்னான். பெயர்கள் சரியானவை; தகவல் உண்மை. பிற்பாடு காஞ்சியில் வரதன் வரம் கேள் என்றபோது, தனக்குக் கிடைக்கும் மோட்சம் நாலூரானுக்கும் கிடைக்க வேண்டும் என்று கூரத்தாழ்வான் கேட்டாராம். அந்த மன்னிப்பின் உயரம் எனக்கு எட்டாது. நாலூரான் இருந்த இடம் எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்திருக்கிறேன்.

5

சில வருஷங்களுக்கு முன், நான் அப்போது வேலை பார்த்த கிளையில், ஒரு நாள் மாலை ஐந்நூறு ரூபாய்க் கட்டு ஒன்று குறைந்தது. 100 தாள், 50,000 ரூபாய். காஷியர் ரிட்டையராக ஏழு மாதம் இருந்தவர். மூன்று தடவை எண்ணினோம். காஷ் காபினைப் பார்த்திருந்த காமிரா பழுதாகிப் பல நாள் ஆகியிருந்தது. பெரிய தொகை எடுத்தவர்களுக்கெல்லாம் போன் செய்தோம். எல்லாரும் சரியாக இருந்தது என்றார்கள். தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் எழுதினோம். மானேஜர் என்னிடம் கேட்டார், “காபின் பக்கம் யாராச்சும் வந்தாங்களா?” என் மேஜை காபினுக்கு எதிரில். “பையன் தண்ணி வைக்க வந்தான் சார்,” என்றேன்.

பையன் என்றால் தற்காலிகப் பியூன். இருபத்திரண்டு வயது. தினக்கூலி. எழுத்துப்பூர்வமாகப் புகார் எதுவும் போகவில்லை. மானேஜருக்குத் தெரிந்த ஒரு போலீஸ் அதிகாரி, “விசாரிச்சுப் பார்க்கிறேன்” என்று அழைத்துப் போனார். மறுநாள் பதினொரு மணிக்குச் செய்தி வந்தது: ஒப்புக்கொண்டான். பணத்தை அக்கா வீட்டுக்காரரிடம் கொடுத்து வைத்திருக்கிறானாம். சாயங்காலம் பணம் வந்துவிட்டது. முழு 50,000.

எங்களுக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய். காஷியர் அழுதார். யாரோ இனிப்பு வாங்கி வந்தார்கள். “தட்டினா உண்மை தன்னால வரும்” என்று ஒருவர் சொன்னார், நான் சிரித்தேன். போலீஸிடம் சொன்னது செல்லாது என்ற சட்டத்திலேயே, சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால் அந்த அளவுக்குச் செல்லும் என்று 27ஆம் பிரிவு இருந்தது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதுச் சட்டத்திலும் அது இருக்கிறது. இங்கே பொருள் கிடைத்துவிட்டது. இதைவிட என்ன நிரூபணம்?

பதின்மூன்றாம் நாள், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். மகள் கல்யாணத்துக்கு இரண்டரை லட்சம் எடுத்தவர். ஐந்து கட்டுக்குப் பதில் ஆறு இருந்தது, பீரோவில் வைத்தவன் இன்றைக்குத்தான் திறந்தேன் என்றார். நாங்கள் போன் செய்தபோது பையைத் திறக்காமலே சரி என்று சொல்லியிருக்கிறார். திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார்.

ஏட்டின்படி இப்போது ஒரு கட்டு அதிகம். பையன் எடுக்காத பணத்தை அவன் அக்கா வீட்டுக்காரர் எங்கிருந்து கொடுத்தார்? நகையை அடகு வைத்துக் கொடுத்திருந்தார். வதை பலன் தராது என்று வாதாடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது பலன் தந்தது. கேட்ட தொகையை, ஒரு ரூபாய் குறையாமல், இல்லாத திருட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தது. வாத்தியார் மட்டும் அந்த ஆறாவது கட்டை வைத்துக்கொண்டிருந்தால், இன்றைக்கும் நான் அந்தப் பையனைத் திருடன் என்று ஐயத்துக்கிடமில்லாமல் அறிந்திருப்பேன்.

நண்பருக்கு என் பதில் இதிலிருந்துதான் வருகிறது. குண்டு உண்மையாகவே இருந்தால்? இருந்தால் என் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. அது சும்மா இருக்கும் என்று ஜம்பமடிக்க மாட்டேன். ஆனால் அதற்கு முன்கூட்டியே ஓர் அனுமதிப் படிவம் அச்சடித்து வைக்கக்கூடாது. 1987இல் இஸ்ரேலில் லாண்டவ் கமிஷன் ‘மிதமான உடல் நிர்ப்பந்தம்’ என்று ஓர் அளவைக் கொடுத்துப் பார்த்தது. 1999இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே, விசாரணை அதிகாரிகளுக்கு அப்படிப்பட்ட அதிகாரம் கிடையாது என்றது. அடித்தவர் பிற்பாடு கூண்டில் நின்று, இன்ன நிர்ப்பந்தத்தில் செய்தேன் என்று தன் பெயரில் சொல்லட்டும். நம்புவதா வேண்டாமா என்பதை வேறொருவர் முடிவு செய்யட்டும். “நானாக இருந்தாலும் அடிப்பேன்” என்ற நண்பரின் வாக்கியத்தில் எனக்குப் பிடித்தது அந்த ‘நான்’ ஒன்றுதான். மிதமான நிர்ப்பந்தம் கேட்கிற அரசு அந்த நானை இல்லாமல் ஆக்குகிறது. எங்கள் கிளையிலும் அப்படி ஒரு நான் இருக்கவில்லை. மானேஜர் கேட்டார். நான் பார்த்ததைச் சொன்னேன். போலீஸ் அதிகாரி உதவி செய்தார். யாரும் எதுவும் செய்யவில்லை.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அடகுக் கடைக்காரர் ஒரு மாத வட்டி 1,000 ரூபாய் எடுத்துக்கொண்டிருந்தார். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று வங்கிக்குத் தெரியவில்லை; ஐந்து பேர் ஆளுக்கு 200 போட்டோம். பையன் அம்மாவோடு வந்தான். மானேஜர் பழக்க தோஷத்தில், “ஒரு லெட்டர் வாங்கிக்கலாம்” என்றார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான் எழுதினேன். மேற்படி தொகையை முழுவதும் பெற்றுக்கொண்டேன், இது தொடர்பாக எனக்கு யார் மேலும் எந்தப் புகாரும் கோரிக்கையும் இல்லை, இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் என் சுயநினைவோடு எழுதிக் கொடுக்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை. கடைசி வாக்கியம் தானாக வந்தது. பையன் படித்துப் பார்க்கவில்லை. “எங்க சார் போடணும்?” என்று மட்டும் கேட்டான். காட்டினேன்.

வலது கை ஆள்காட்டி விரல் அவனுக்கு இன்னும் சரியாக மடங்கவில்லை. பேனாவை நடுவிரலுக்கும் கட்டை விரலுக்கும் இடையில் பிடித்துக்கொண்டு போட்டான். எங்கள் கிளையில் அவனுக்கு ஒரு சேமிப்புக் கணக்கு உண்டு. அவனுடைய மாதிரிக் கையெழுத்தைக் கம்ப்யூட்டரில் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அது என் வேலை. இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஓரத்தில் ‘கையெழுத்து சரி’ என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன்.